அரசுப் புறம்போக்கில் கல்குவாரிப் பாதை: போடுவதும் மூடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் அரசுப் புறம்போக்கு நிலங்களில் நடக்கும் சாதாரணக் கல், கிராவல் குவாரிகளைப் பற்றிக் குத்தகைதாரர்களும், பாதையோரப் பட்டாதாரர்களும், ஊராட்சித் தலைவர்களும், ஆடுமாடு மேய்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. குழியின் ஆழம், வெடி, கல் தெறிப்பது ஆகியவற்றைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். ஆகவே இது பாதையோடு நின்றுகொள்கிறது. உங்கள் ஊர் நில ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

1. குவாரிப் பாதை என்று எதைச் சொல்கிறீர்கள்? குழிக்குள் போவதையா, ஊருக்குள் வருவதையா?

இரண்டையும்தான், அவற்றுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. குத்தகை எல்லைக் கற்களுக்கு உள்ளே, குழியின் அடியிலிருந்து மேலே ஏறிவருவது உள்பாதை. எல்லையிலிருந்து பொதுச் சாலை வரைக்கும், பெரும்பாலும் வேறொரு புறம்போக்கின் வழியாக, டிப்பர்கள் ஓடுவதற்கென்றே போடப்படுவது இணைப்புப் பாதை. அதற்கப்பால் இருப்பது ஊராட்சிச் சாலை அல்லது நெடுஞ்சாலை.

உள்பாதைக்குக் குத்தகைதாரர் பொறுப்பு, பொதுச் சாலைக்கு அதைப் பராமரிக்கும் அமைப்பு பொறுப்பு என்பதில் குழப்பம் குறைவு. இணைப்புப் பாதைதான் காகிதத்தில் யாருடையதாகவும் இல்லாமல் போய்விடுகிறது. சுரங்கத் திட்டத்தின் வரைபடத்தில் எல்லைக் கோட்டோடு எல்லாம் முடிந்துவிடும். பாதையோ அங்கேதான் தொடங்கும். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

2. குத்தகை உத்தரவு வந்துவிட்டது. அதில் பாதையும் அடக்கம்தானே?

இல்லை. குத்தகை என்பது குறிப்பிட்ட புல எண்ணில், குறிப்பிட்ட பரப்பில், குறிப்பிட்ட கனிமத்தை எடுக்கும் உரிமை மட்டுமே. அந்தப் புல எண்ணுக்கு வெளியே ஓர் அடி வைத்தாலும், அந்த நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் அது வண்டிப்பாதையா, மேய்க்காலா (மேய்ச்சல் நிலம்), ஓடையா, கல்லாங்குத்தா (பாறை நிலம்), நத்தமா (குடியிருப்பு நிலம்) என்று எழுதப்பட்டிருக்கும். வெறும் தரிசாகக் கண்ணுக்குத் தெரிகிற இடம் பதிவேட்டில் நீர்நிலையாக இருப்பது அபூர்வமல்ல.

பட்டா நிலம் குறுக்கிட்டால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். அதில் அகலம், ஆண்டுகள், முடிந்தபின் நிலத்தை எந்த நிலையில் திருப்பித் தருவது என்ற மூன்றும் இடம்பெற வேண்டும். புறம்போக்கு என்றால் வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும். காப்புக்காடு ஒரு துண்டு குறுக்கிட்டாலும் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் முன் ஒப்புதல் தேவைப்படும். அப்படிப்பட்ட பாதையைக் கைவிட்டு வேறு வழி தேடுவதே பெரும்பாலும் சுலபம்.

3. வரைபடத்தில் வண்டிப்பாதை என்று தெளிவாக இருக்கிறது. அதில் டிப்பர் ஓட்டினால் என்ன தவறு?

ஓட்டுவதே தவறு என்று சொல்ல முடியாது, அது பொதுவழி. ஆனால் மாட்டுவண்டிக்கும் மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் விடப்பட்ட அந்த வழியில் டிப்பருக்கு வேண்டிய அகலம் பெரும்பாலும் இருக்காது. அகலம் போதாதபோது ஒருபக்கம் பட்டா வரப்பும் மறுபக்கம் ஓடைக் கரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வழக்குகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. முதல் லோடு ஏறுவதற்கு முன்பே நில அளவரை வைத்துப் புல வரைபடத்தின்படி இரு ஓரங்களிலும் கல் நட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது.

பொதுவழியைக் கேட் போட்டு அடைக்கும் உரிமை குத்தகைதாரருக்குக் கிடையாது. மந்தைகள் கடக்கும் இடங்களைத் திட்டத்திலேயே குறித்து, அங்கே ஓரக் கரையைத் திறந்து, இருபுறமும் சரிவைத் தணித்துவிட வேண்டும்.

4. எத்தனை அடி அகலம், எவ்வளவு ஏற்றம் இருக்கலாம்?

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் வலியுறுத்தும் நடைமுறையில், எதிரெதிரே வண்டிகள் வரும் உள்பாதை, அதில் ஓடும் மிகப்பெரிய வண்டியின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒதுங்குமிடங்களைக் குறித்துவைக்க வேண்டும். 2.6 மீட்டர் அகலமுள்ள டிப்பருக்கு இது ஏறக்குறைய 8 மீட்டர். ஏற்றம் 16-க்கு 1 என்ற அளவைத் தாண்டக்கூடாது. குறுகிய சாய்தளங்களுக்கு மட்டும் 10-க்கு 1 வரை போகலாம். 16-க்கு 1 என்றால் 10 மீட்டர் உயரம் ஏறுவதற்கு 160 மீட்டர் நீளப் பாதை தேவை. சுற்றியுள்ள தரையைவிடப் பாதை மேடாக இருக்கும் பக்கத்தில், வண்டியின் டயர் விட்டத்துக்குக் குறையாத உயரத்தில் கரை வேண்டும்.

இந்த அளவுகள் உள்பாதைக்கானவை. இணைப்புப் பாதையிலும் ஏற்றத்துக்கு இவற்றையே பின்பற்றலாம், ஆனால் 8 மீட்டர் அகலத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்பதே என் கருத்து. 4 மீட்டர் அகலப் பாதையும், ஓட்டுநரின் பார்வை எட்டும் தூரத்துக்கு ஒன்றாக ஒதுங்குமிடமும் இருந்தால் நாளொன்றுக்குச் சில பத்து லோடுகள் தாராளமாகப் போகும். அகலத்தில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு மீட்டரும் பின்னால் மூடும்போது மிச்சமாகும்.

5. பாதை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? ஹிட்டாச்சி ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்கிறார்களே?

ஹிட்டாச்சி ஓட்டுநர் நேர்கோட்டில்தான் பார்ப்பார். ஏற்கெனவே உள்ள பாதை ஏதாவது இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. சற்றுச் சுற்றாக இருந்தாலும் பழைய தடத்தைச் சீர்செய்து பயன்படுத்துவது புதிதாக ஒன்றை வெட்டுவதைவிட நல்லது. புதிதாகத்தான் போட வேண்டுமென்றால், சரிவுக்கு நேர்மேலே ஏறாமல் சமமட்டத்தை ஒட்டி வளைந்துபோகட்டும். வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் ஏறக்குறைய சமமாகும்படி வழி தேர்ந்தால், வெளியிலிருந்து கிராவல் கொண்டுவந்து கொட்டும் தேவை குறையும். மழை பெய்த மறுநாள் அந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்தால், நீர் எங்கே தேங்குகிறது, எங்கே கடக்கிறது என்பதை எந்த வரைபடத்தையும்விடத் தெளிவாகக் காணலாம்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி நடத்தக்கூடாது. இந்தத் தூரம் குழிக்கு அளக்கப்படுகிறது, பாதைக்கு அல்ல. அதனால் சட்டப்படி எந்தக் குறையும் இல்லாத ஒரு குவாரியின் டிப்பர்கள், திண்ணையிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஓடுவது சாத்தியம்தான். இதைத் தடுக்க வேண்டுமானால் சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்ப நிலையிலேயே மாற்று வழியைக் கேட்க வேண்டும். மக்கள் கருத்துக்கேட்பு நடக்கும் திட்டமானால் அங்கே, 'எந்தப் புல எண்கள் வழியாக லாரி போகும்' என்று கேட்டுப் பதிலைப் பதிவுசெய்ய வைப்பது, பொதுவாகத் தூசியைப் பற்றிக் குறைகூறுவதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

6. ஓடை ஒன்று குறுக்கே வருகிறது. ஒரு குழாய் போட்டு மேலே மண் கொட்டினால் போதாதா?

வறண்ட காலத்தில் போதும் என்றுதான் தோன்றும். ஓர் அடி விட்டமுள்ள ஒரு சிமென்ட் குழாயைப் படுக்கவைத்து, மேலே குவாரிக் கழிவை நிரப்பிவிடுவார்கள். முதல் மழையில் மேலேயிருந்து வரும் செத்தையும் வேலமுள்ளும் குழாய் வாயில் சிக்கும்; அதன்மேல் கல்தூசி சேறாகப் படிந்து கெட்டித்துவிடும். அதன்பிறகு பாதை ஓர் அணையாகிறது. நீர் பாதையின் மேல்பக்கமாகவே ஓரமாக ஓடி, எங்கே தாழ்வு கிடைக்கிறதோ அங்கே புது வாய் திறந்துகொள்ளும். அந்தத் தாழ்வு பெரும்பாலும் யாருடைய வயலாகவாவது இருக்கும். கீழேயுள்ள கண்மாய்க்கு வரத்து நின்றுபோனதை அடுத்த ஆண்டுதான் ஆயக்கட்டுக்காரர்கள் உணர்வார்கள்.

சிறிய ஓடைக்குக் குழாயைவிடத் தரைப்பாலம் நல்லது. ஓடையின் படுகை மட்டத்திலேயே கல் பாவி, மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் வெள்ளம் மேலாகப் போய்விடும். அந்தச் சில மணி நேரம் டிப்பர் நின்றால் யாருக்கும் நட்டமில்லை. குழாய்தான் போட வேண்டுமென்றால், ஓடையின் இயல்பான அகலத்தை அடைக்காத எண்ணிக்கையில், படுகைச் சரிவிலேயே பதித்து, இரு வாயிலும் கல் கட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் வாயைத் துப்புரவு செய்வதும் அந்த வேலையில் அடக்கம். எதுவானாலும் நீர்நிலை என்று பதிவான நிலத்தைத் தொடுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதை இரண்டாம் பதிலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டக் கிரானைட் குவாரிகளை விசாரிக்க 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்தபோது, அவர் முன் வந்த புகார்களில் கண்மாய்களும் கால்வாய்களும் மூடப்பட்டவை முக்கியமானவை.

7. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வையுங்கள் என்கிறார்கள். கல்லாங்குத்தில் ஏது மேல்மண்?

குறைவாக இருப்பதால்தான் எடுத்து வைக்கச் சொல்கிறோம். பாறைக்காட்டில் அரை அடி மண் சேர மனித ஆயுள் பல ஆகும். புல்லின் விதையும் வேரும் அந்த அரை அடியில்தான் இருக்கின்றன. 400 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள பாதையை எடுத்துக்கொண்டால் பரப்பு 3,200 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 79 சென்ட். அதில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்தால் 480 கன மீட்டர், சுமார் 170 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). பத்து ஆண்டு கழித்து இவ்வளவு நல்ல மண்ணை எங்கிருந்து கொண்டுவருவது? இன்னோர் ஏரியைத்தான் தோண்ட வேண்டும்.

பாதையின் மேல்பக்க ஓரத்தில், ஆள் உயரத்துக்கு மேற்படாத நீண்ட வரப்பாகக் குவித்து, புல் முளைக்க விட்டுவிட்டால் மண் உயிரோடு இருக்கும். மலைபோல் குவித்தால் உள்மண் காற்றின்றிச் செத்துவிடும். அந்த வரப்பைக் கிராவல் என்று நினைத்து யாரும் அள்ளிக்கொண்டுபோகாதபடி சுரங்கத் திட்ட வரைபடத்தில் குறித்துவைப்பதும் அவசியம்.

8. தூசிக்குத் தண்ணீர் அடித்தால் போதுமா?

காலை, மதியம் இரண்டு வேளையும் டேங்கர் ஓடினால் ஓரளவு அடங்கும். வேகத்தைக் குறைப்பதும், லோடின்மேல் தார்ப்பாய் மூடுவதும், பொதுச் சாலையைத் தொடும் கடைசி 50 மீட்டருக்காவது கான்கிரீட் போடுவதும் தண்ணீரைவிட அதிகம் உதவும். தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள்.

9. ஊராட்சிச் சாலை குண்டும் குழியுமாகிவிட்டது. யார் போட்டுத் தர வேண்டும்?

சாலையைப் பராமரிப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. சேதத்துக்குக் காரணம் இன்னாரென்று நிறுவினால்தான் அவரிடம் கேட்க முடியும். அதனால் முதல் லோடுக்கு முன்பே சாலையின் நிலையைத் தேதியோடு படமெடுத்து, ஊராட்சிக்கும் குத்தகைதாரருக்கும் இடையே பராமரிப்பு உடன்படிக்கை எழுதிக்கொள்ள வேண்டும். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து சாலைப் பணிக்குக் கேட்கவும் வழி உண்டு. 2015-இல் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்த ஏற்பாடு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காகவே உள்ளது.

சாலையை உண்மையில் உடைப்பது அதிக பாரம். பத்துச் சக்கர டிப்பருக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன்தான் அனுமதி. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். எடைமேடைச் சீட்டையும், லோடு கொண்டுபோவதற்கான அனுமதியான நடைச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் வெளிவந்துவிடும்.

10. குத்தகை முடிந்ததும் பாதையை மூடியே ஆக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் 'காமன் காஸ்' என்ற தன்னார்வ அமைப்பின் வழக்கில் பிறப்பித்த உத்தரவு இதற்கு வலுவான ஆதாரம். சுரங்கப் பணி முடிந்தபின் குத்தகைதாரர் சுரங்கப் பகுதியிலும், சுரங்கப் பணியால் பாதிக்கப்பட்ட பிற பகுதியிலும் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரமும் விலங்கினமும் வாழத்தக்க நிலைக்கு நிலத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். சுற்றுச்சூழல் அனுமதிகளில் இது நிபந்தனையாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் அதே மாதத்தில் அறிவுறுத்தியது.

'பாதிக்கப்பட்ட பிற பகுதி' என்ற சொற்களுக்குள் இணைப்புப் பாதை அடங்கும் என்பதே என் வாசிப்பு. இருந்தாலும் வாதத்துக்கு இடம் வைக்காமல், சுரங்கத் திட்டத்தின் மூடல் பகுதியிலேயே பாதையின் புல எண்களையும், நீளம், அகலத்தையும், மூடும் செலவையும் எழுதச் சொல்லுங்கள். எழுதியிருந்தால், ஆண்டுக்கு இருமுறை தாக்கல் செய்யும் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையில் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

11. நல்ல பாதை கிடைத்திருக்கிறது, ஊருக்கே இருந்துவிட்டுப் போகட்டுமே. எதற்குக் கெடுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி, சில இடங்களில் வைத்துக்கொள்வதே சரி. காட்டுக்குப் போகவும் விளைபொருளை ஏற்றிவரவும் ஊருக்கு உண்மையிலேயே பயன்படும் பாதையானால், கிராம சபையில் தீர்மானம் போட்டு, வருவாய்த் துறை அந்த நிலத்தைப் பாதையாக வகைமாற்றி, குத்தகைதாரர் தரைப்பாலங்களைச் செம்மையாக்கி ஒப்படைத்தபின் ஊராட்சி பொறுப்பேற்கலாம். 8 மீட்டரில் பாதியைக் கிளறிப் புல்லுக்கு விட்டு, 4 மீட்டரை மட்டும் வைத்துக்கொள்வதும் நடைமுறையில் நன்றாகவே செல்லுபடியாகிறது.

ஆனால் 'ஊருக்கு வேண்டும்' என்ற பேச்சு, மூடும் செலவைத் தவிர்க்கவும் எழுப்பப்படும். அந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். நீர் நிரம்பிய, வேலியில்லாத குழியில் முடிகிறது என்றால், அது பிள்ளைகள் குளிக்கப் போகவும், இரவில் திருட்டுத்தனமாகக் கல் அள்ளவும், கழிவு லாரிகள் வந்து கொட்டவும்தான் பயன்படும். அத்தகைய பாதையில் குழிக்கு அருகிலுள்ள துண்டையாவது துண்டித்தே தீர வேண்டும்.

12. மூடுவது என்றால் வாயிலில் பள்ளம் வெட்டிவிட்டால் போதாதா?

அது வண்டியைத் தடுக்கும், நிலத்தை மீட்காது. குழியிலிருந்து தொடங்கிப் பொதுச் சாலையை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டும், இல்லையெனில் எந்திரத்துக்கு வெளியேற வழியிருக்காது. முதலில் கொட்டிய ஜல்லியையும் கிராவலையும் சுரண்டிக் குழிக்குள் அனுப்ப வேண்டும். பிறகு சரிவில் நிரப்பிய மண்ணை வாளியால் மேலே இழுத்து, வெட்டிய பக்கத்தில் சாய்த்து, பழைய சரிவை மீட்க வேண்டும். ஓடைகளில் குழாய்களைப் பிடுங்கி, மேலும் கீழுமுள்ள படுகையின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் இணையாக நடுப்பகுதியைத் திறக்க வேண்டும். குழாயை உள்ளேயே விட்டு மண்ணை மட்டும் தள்ளிவிடுவது ஏமாற்று வேலை.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் வேலை. ஆண்டுக்கணக்காக டிப்பர் ஓடிய தடம் கான்கிரீட் போல இறுகியிருக்கும். அதன்மேல் நேரடியாக மண்ணைப் பரப்பினால் மழைநீர் இறங்காமல், பரப்பிய மண்ணையே வழித்துக்கொண்டு ஓடிவிடும். ரிப்பர் பல்லால் ஓரடி முதல் இரண்டடி ஆழத்துக்கு, சரிவுக்குக் குறுக்காக உழுதுவிட்டு, கட்டிகள் கட்டிகளாக இருக்கும்போதே சேமித்த மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். மழமழவென்று மட்டம் செய்யக்கூடாது. கரடுமுரடாக இருந்தால்தான் விதையும் ஈரமும் தங்கும். சரிவான இடங்களில் குறுக்கு வரப்பு போட்டு, நீரைப் பக்கவாட்டில் புல்தரைக்குத் திருப்பிவிட வேண்டும். வாயில் பள்ளமும் பாறாங்கற்களும் இவை எல்லாவற்றுக்கும் பின்னால்தான்.

13. எந்த மாதத்தில் செய்வது, எதை விதைப்பது?

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில், மண் காய்ந்திருக்கும் ஆனி, ஆடியில் உழுது முடித்து, புரட்டாசியில் விதைத்துவிட வேண்டும். ஈரமண்ணை உழுதால் உடையாமல் பிசையத்தான் செய்யும். கொழுக்கட்டைப்புல், ஆவாரை, வேம்பு, உசிலை, வெள்வேல் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் தானாக நிற்பவற்றின் விதையே போதும். நர்சரிக் கன்றுகளை வரிசையாக நட்டுப் படமெடுத்து அனுப்புவதைவிட, முதல் இரண்டு ஆண்டுகள் ஆடு நுழையாமல் முள்ளடைப்பு போடுவது பெரிய வேலை. அதற்கு மேய்ப்பவர்களோடு முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். சும்மா விட்டுவிட்டால் சீமைக்கருவேலம் முந்திக்கொள்ளும். அந்தப் பச்சையைக் காட்டி 'மீட்பு முடிந்தது' என்று எழுதினால் ஏற்காதீர்கள்.

14. ஒரே பாதையை மூன்று குவாரிகள் பயன்படுத்துகின்றன. கடைசியில் யார் தலையில் விழும்?

எழுதி வைக்காவிட்டால் கடைசியாக ஓட்டியவர் தலையில். அவரும் போய்விட்டால் ஊர் தலையில். 2016-இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 500 மீட்டருக்குள் அருகருகே உள்ள குத்தகைகளைத் தொகுப்பாகப் பார்க்கச் சொல்கிறது. அந்த மதிப்பீட்டில் பொதுப்பாதையையும் சேர்த்து, எடுக்க அனுமதிக்கப்பட்ட கன மீட்டர் விகிதத்தில் பராமரிப்புச் செலவையும் மூடும் செலவையும் பிரித்துக்கொள்வதே முறை. தன் பங்கைச் செலுத்தியதற்கான சான்று இல்லாமல் யாருடைய பிணைத்தொகையையும் விடுவிக்க வேண்டாம் என்று கனிமவளத் துறையின் உதவி இயக்குநருக்கு ஊராட்சி கடிதம் எழுதலாம்.

15. பழைய குத்தகைதாரர் விட்டுப்போன பாதை இருக்கிறது. நான் புதிதாக ஏலம் எடுத்திருக்கிறேன். அதை மூடுவதும் என் பொறுப்பா?

அதைப் பயன்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்து உங்களுடையதாகவே பார்க்கப்படும். 'எனக்கு முன்பே இருந்தது' என்ற பதிலுக்கு அப்போது ஆதாரம் கேட்பார்கள். ஆகவே பணி தொடங்குமுன் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் அளந்து, ஓடைக் கடப்புகளையும் அரிப்புகளையும் படத்தோடு பதிவுசெய்து, உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பழைய அரிப்புக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பது அதில் நிலைநாட்டப்படும். உங்களுக்குத் தேவையில்லாத கிளைத்தடங்களை அப்போதே பட்டியலிட்டு, முந்தையவரின் பிணைத்தொகையிலிருந்து மூடும்படி கேட்கலாம்.

16. மூடியாகிவிட்டது என்று அறிக்கை வந்திருக்கிறது. நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது?

அறிக்கையோடு சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும், சுரங்கத் திட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். பிறகு ஒரு கடப்பாரையோடு பாதையில் நடங்கள். பழைய சக்கரத் தடம் ஓடிய இடத்தில் அதை ஒரு கையால் அழுத்தினால் ஒரு சாணாவது இறங்க வேண்டும்; இரண்டு விரற்கடையில் 'டங்' என்று நின்றால், மண் பரப்பப்பட்டிருக்கிறது, உழப்படவில்லை. ஓடைகளில் கரைக்குள் குழாய் புதைந்திருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். இதைப் பத்துப் பதினைந்து இடங்களில் செய்து, ஒவ்வோர் இடத்தின் படத்தையும் புல எண்ணோடு எழுதிவையுங்கள்.

கோடையில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு கார்த்திகை கடந்தபின் மீண்டும் நடந்து, வாய்க்கால் அரித்திருக்கிறதா, புல் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று பார்த்து, குறை இருந்தால் உதவி இயக்குநருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் ஒரே கடிதத்தின் இரு பிரதிகளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிணைத்தொகை விடுவிக்கப்படுவதற்கு முன்பே அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.